துணிவு வேண்டிய மன்றாட்டு



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மன்றாட்டு. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், எருசலேம் நகரில் ஒரு வீட்டினுள், அதிகாரத்தின் அச்சுறுத்தலுக்கு உள்ளான ஒரு சிறு கூட்டத்தார் ஒருமனப்பட்டுச் செய்த மன்றாட்டு அது. கிறிஸ்தவ வேதத்தில் அப்போஸ்தலர் பணி என்னும் நூலின் நான்காம் அதிகாரத்தில் அது இடம்பெற்றுள்ளது. கிறிஸ்தவர்கள் இதனைப் பலமுறை கேட்டிருப்பார்கள். ஆயினும் இதன் உட்பொருள் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று. அச்சத்தினால் வாயடைத்து நின்ற அனுபவம் எச்சமயத்தவர்க்கும் உண்டு. ஆதலால் கோணேசர் மலையின் அடிவாரத்தில் வாழ்வோரும், மூதூரிலும் கிண்ணியாவிலும் பள்ளிவாசலில் தொழுவோரும், விகாரையில் மலரிடுவோரும் இதனைச் செவிமடுக்கலாம் என்னும் நம்பிக்கையோடு தொடங்குகிறேன்.

முதலில் நிகழ்ச்சியை நோக்குவோம். பேதுருவும் யோவானும் கலிலேயாக் கடலில் வலை வீசி வாழ்ந்தவர்கள். நம் நாட்டுக் கத்தோலிக்கர் முன்னாளில் இவர்களை இராயப்பர், அருளப்பர் என்று அழைத்தனர். இவர்கள் ஒருநாள் எருசலேம் ஆலயத்துக்குச் செல்லும்போது, வாயிலில் இருந்து பிச்சை கேட்ட முடவன் ஒருவனைக் கண்டு, இயேசுவின் பெயரால் அவனை எழுந்து நடக்கச் செய்தனர். பிறவி முதல் நடக்காதிருந்தவன், நாற்பது வயதைக் கடந்தவன், நடந்தான், துள்ளினான். மக்கள் திரண்டனர். பேதுரு அம்மக்களுக்குப் போதித்தார். ஆலயத்தின் அதிகாரிகள் வந்து இருவரையும் பிடித்து இரவு முழுவதும் காவலில் வைத்தனர்.

மறுநாள் யூதர்களின் உயர்சபை கூடியது. அன்னா, கயபா முதலிய தலைமைக் குருக்களும், முதியோரும், சட்ட அறிஞரும் வட்டமாக அமர்ந்தனர். சில வாரங்களுக்கு முன்னர் இயேசுவைக் குற்றவாளி என்று தீர்த்த அதே சபை அது. அச்சபையின் நடுவே இரண்டு மீனவர்கள் நிறுத்தப்பட்டனர். எந்த அதிகாரத்தால் இதனைச் செய்தீர்கள் என்பது வினா. பேதுரு மறைக்காமல் விடை கூறினார். இவர்கள் கல்வி கல்லாத பாமரர் என்பதைக் கண்டு சபையினர் வியந்தனர் என்று நூல் கூறுகிறது. நலமடைந்த மனிதன் கண்முன்னே நின்றமையால் மறுத்துப் பேசவும் அவர்களால் இயலவில்லை. ஆகவே, இனிமேல் அந்தப் பெயரைச் சொல்லிப் பேசவும் கூடாது, போதிக்கவும் கூடாது என்று கட்டளையிட்டு, மிரட்டி அனுப்பினார்கள். கண் கண்டதையும் செவி கேட்டதையும் மறைத்து வாய்மூடி இருப்பது தம்மால் ஆகாத காரியம் என்ற கருத்துப்பட அவ்விருவரும் விடையளித்துவிட்டு வெளியே வந்தனர்.

வெளியே வந்தவர்கள் எங்கே சென்றனர்? தம்மவரிடம் சென்றனர். நடந்தது அனைத்தையும் கூறினர். கேட்டவர்கள் எல்லோரும் ஒரே குரலாக இறைவனை நோக்கி மன்றாடினர். அந்த மன்றாட்டையே நாம் இன்று கூர்ந்து நோக்கப்போகிறோம்.

அதன் அமைப்பு எளிமையானது. தொடக்கத்தில் அவர்கள் தம் துன்பத்தைச் சொல்லவில்லை. வானத்தையும் நிலத்தையும் கடலையும் அவற்றிலுள்ள யாவற்றையும் படைத்தவனை அழைக்கிறார்கள். அடுத்து, தாவீதின் பெயரால் வழங்கும் இரண்டாம் சங்கீதத்தை நினைவுகூர்கிறார்கள். வேந்தர்கள் இறைவனுக்கு எதிராக ஒன்றுகூடுவதைப் பற்றிய பாடல் அது. பின்னர், அப்பழம்பாடலைத் தம் காலத்தோடு பொருத்தி, ஏரோது, பொந்தியு பிலாத்து என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார்கள். இத்தனையும் முன்னுரை. வேண்டுகோளுக்கு வந்தால் அது மிகச் சிறியது. அவர்களுடைய மிரட்டல்களைப் பாரும். உம் அடியார்க்கு உமது சொல்லைத் துணிவோடு பேச அருளும். நலமளிக்க உமது கையை நீட்டும். கருத்தளவில் இவ்வளவே.

நேயர்களே, அவர்கள் கேட்டது யாது என்று பார்த்தோம். அவர்கள் கேளாதது யாது என்பதையும் பார்க்க வேண்டும். மிரட்டியவர்களைத் தண்டியும் என்று கேட்கவில்லை. ஆபத்தை எம்மிடமிருந்து அகற்றும் என்றும் கேட்கவில்லை. எதிராளிகளைப் பற்றி அவர்கள் சொன்ன சொற்கள் இரண்டு மூன்றுதாம்: மிரட்டல்களைப் பாரும். என்ன செய்ய வேண்டும் என்பதை இறைவனுக்குக் கற்பிக்கவில்லை. பார்க்கும்படி மட்டும் கேட்டு, எதிரிகளை அவன் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். தமக்கென்று கேட்டது வாய்க்குத் துணிவு. பிறர்க்கென்று கேட்டது நோய் நீங்கும் நலம். அஞ்சுகின்ற மனிதன் இயல்பாகக் கேட்கும் முதல் வரம் பாதுகாப்பு அன்றோ? அவர்களும் அஞ்சியிருப்பர். அஞ்சாதவன் துணிவை வேண்டி மன்றாட மாட்டான். ஆனால் அச்சத்தின் நடுவே அவர்கள் கேட்ட வரம் வேறு.

இங்கே துணிவு என்று நான் சொல்லும் சொல்லைச் சற்று ஆராய்வோம். பழைய தமிழ் வேதாகமத்தில் தைரியம் என்றும், பிற்காலப் பொது மொழிபெயர்ப்பில் துணிவு என்றும் வருகிறது. கிரேக்க மூலத்திலுள்ள சொல் பர்ரேசியா. அனைத்தையும் சொல்லுதல் என்பது அதன் வேர்ப்பொருள். போர்க்களத்து வீரத்தைக் குறிக்கும் சொல் அன்று அது. ஆதென்ஸ் நகரத்து அரசியலிலிருந்து வந்த சொல். அங்கே குடியுரிமை பெற்ற ஆண்மகன் மன்றத்தில் எழுந்து, தன் மனத்திலுள்ளதை ஒளிக்காமல் பேசும் உரிமை பெற்றிருந்தான். அவ்வுரிமையே பர்ரேசியா. அடிமைக்கு அந்த உரிமை இல்லை.

இதனை மனத்திற் கொண்டு மீண்டும் அம்மன்றாட்டைப் பார்ப்போமானால் ஒரு வியப்பு நமக்குப் புலனாகும். இறைவனை அவர்கள் அழைக்கும் முதற்சொல், மூலத்தில், அடிமைகள் தம் எசமானை அழைக்கும் சொல். தம்மைக் குறிக்க அவர்கள் கையாளும் சொல்லும் அடிமைகள் என்பதே. அடிமைகள் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர்கள், சுதந்திரக் குடிமகனுக்கு மட்டுமே உரிய பேச்சுரிமையை வேண்டுகிறார்கள். வானையும் கடலையும் ஆள்பவன் ஒருவனுக்கே தாம் அடிமை என்று உணர்ந்தவர்கள், வேறு எந்தச் சபைக்கும் அடிமையாக இருக்க இயலாது. மன்றாட்டின் தொடக்கத்திலே படைப்பவனை நினைத்ததன் காரணம் இப்போது விளங்குகிறது. உயர்சபை அவர்கள் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றியது. கடலைப் படைத்தவனை நினைத்தபின் அது உரிய அளவுக்குச் சுருங்கியது.

தமிழராகிய நமக்கு இந்தக் கருத்துப் புதியதன்று. திருவள்ளுவர் பொருட்பாலில் அவையஞ்சாமை என்று ஓர் அதிகாரமே வகுத்தார். கற்றவன் கற்றோர் அவையில் நடுங்காமல் தன் கருத்தைச் சொல்லும் ஆற்றலை அதில் அவர் பாராட்டுகிறார். பர்ரேசியா என்பதற்குத் தமிழில் மிக அணித்தான சொல் அவையஞ்சாமை என்றே நான் கருதுவேன். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. வள்ளுவர் கூறும் அவையஞ்சாமை கல்வியின் பயன். எருசலேம் மீனவர்களுக்கோ கல்வி இல்லை. கல்லாதவர்க்கும் அவையஞ்சாமை கூடும் என்பது அந்நிகழ்ச்சியின் செய்தி. மேலும், அஞ்ச வேண்டியவற்றுக்கு அஞ்சுதல் அறிவுடையோர் தொழில் என்று கருதியவரும் அதே வள்ளுவர்தாம். ஆகவே துணிவு என்பது கண்மூடித்தனம் அன்று. எதற்கு அஞ்சுவது, எதற்கு அஞ்சாதிருப்பது என்னும் தெளிவே துணிவு.

திருநாவுக்கரசர் வரலாற்றையும் நேயர்கள் அறிவீர்கள். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் அனுப்பிய ஏவலர் அழைத்தபோது, தாம் சிவனுக்கே ஆளாதலின் வேறு எவர்க்கும் குடியல்லர் என்னும் கருத்துப்பட அவர் பாடினார். ஒருவனுக்கு ஆட்பட்டவன் மற்றவர்க்கு அஞ்சான் என்னும் அதே உண்மை அங்கேயும் ஒலிக்கிறது. காலமும் நாடும் சமயமும் வேறு. உள்ளத்தின் இயல்பு ஒன்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இம்மன்றாட்டு எங்கோ தொலைவில் நிகழ்ந்த கதையாக நின்றுவிடவில்லை. நமது இலங்கைத் தீவிலேயே அது மீண்டும் வாழ்ந்து காட்டப்பட்டது.

1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று. அதே ஆண்டு செப்டெம்பர் மாதம் ஒல்லாந்தக் கம்பெனியார் ஓர் ஆணை பிறப்பித்தனர். கத்தோலிக்கக் குருக்களுக்கு இடங்கொடுப்பவர்க்கும் அவர்களை மறைத்து வைப்பவர்க்கும் மரணதண்டனை என்பது அந்த ஆணை. குருக்கள் நாடு கடத்தப்பட்டனர். ஆலயங்கள் கம்பெனியாரின் சீர்திருத்தச் சபைக்கு மாற்றப்பட்டன. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கத்தோலிக்க மக்கள் குருவின்றி வாழ்ந்தனர். தாய்மார் பிள்ளைகளுக்குச் செபங்களைச் சொல்லிக்கொடுத்தனர். முதியோர் வீட்டு மூலையிற் கூடி மன்றாடினர். அச்சுறுத்தப்பட்ட ஒரு கூட்டம், வீட்டினுள், ஒருமனப்பட்ட மன்றாட்டு. எருசலேமின் காட்சி ஈழத்திலும் தோன்றியது.

அந்நிலையில் கோவாவிலிருந்து ஒரு குருவானவர் புறப்பட்டார். யோசப் வாஸ் என்பது அவர் பெயர். 1651இல் பெனோலிம் என்னும் ஊரிற் பிறந்தவர். 1687இல், கூலியாள் வேடத்தில், ஒரு துணைவனோடு கடல் கடந்து யாழ்ப்பாணம் சேர்ந்தார். வந்தவுடன் நோயுற்றார். யார் கத்தோலிக்கர் என்று அறியார், கேட்கவும் இயலாது. ஆகவே கழுத்திலே பெரிய செபமாலை ஒன்றை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அந்த மாலையைக் கண்டு எந்தக் கண்கள் மலர்கின்றனவோ, அந்த வீடு தம்மவர் வீடு என்று அறிந்துகொள்வார். அறியாதவர்க்கு அது வெறும் மணிமாலை. அறிந்தவர்க்கு அது அழைப்பு. காட்டிக் கொடுப்பவன் ஒருவன் கண்டால் அது மரண ஓலை. துணிவு என்பது எப்போதும் உரத்துப் பேசுவதன்று என்பதற்கு இதனினும் நல்ல சான்று எனக்குத் தெரியாது. அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. ஆயினும் அவர் அணிந்திருந்த மாலை அனைத்தையும் சொல்லிற்று.

சில்லாலைக் கிராமத்து மக்கள் அவருக்கு அடைக்கலம் கொடுத்தனர். மரணதண்டனை ஆணை நடப்பில் இருந்தபோதே கொடுத்தனர். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில், மறைவாகக் கூடிய மக்களைப் படையினர் வளைத்துப் பலரைச் சிறைப்பிடித்தனர். சிலர் கடுந்தண்டனைக்கு ஆளாயினர். ஒருவர் அடியுண்டு உயிர் துறந்தார் என்று வரலாறு கூறும். வாஸ் குருவானவர் அகப்படவில்லை. மக்கள் அவரைக் காட்டிக் கொடுக்கவில்லை.

பின்னர் அவர் புத்தளம் வழியாக 1692இல் கண்டி இராச்சியத்தை அடைந்தார். போர்த்துக்கேயரின் ஒற்றர் என்ற ஐயத்தில் அங்கும் சிறை. சிறிது சிறிதாக அவருடைய உண்மைத் தன்மை வெளிப்பட்டது. பௌத்த மன்னனாகிய இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்குத் தன் நாட்டில் நடமாடவும் போதிக்கவும் இடங்கொடுத்தான். கிறிஸ்தவரான ஒல்லாந்தர் துரத்திய குருவுக்குப் பௌத்த மன்னன் நிழல் தந்தான் என்பதை நாம் நன்றியோடு குறித்துக்கொள்ள வேண்டும்.

1697இல் கண்டியைப் பெரிய அம்மை நோய் தாக்கியது. அரசனும் பிரதானிகளும் நகரைவிட்டு அகன்றனர். உறவினரே நோயாளரைக் காட்டிலும் தெருவிலும் விட்டுச் சென்றனர். வாஸ் குருவானவரும் அவருடைய துணைக்குருவும் நகரிலேயே தங்கினர். கைவிடப்பட்ட வீடுகளை நோயாளர் மனைகளாக்கி, சாதி சமயம் பாராமல் கழுவி, ஊட்டி, இறந்தோரை அடக்கம் செய்தனர். எருசலேம் மன்றாட்டின் இரண்டாம் பகுதியை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பேசத் துணிவும் நலமளிக்கும் கையும் ஒரே மூச்சில் கேட்கப்பட்டன. நலமளிக்கும் கை இல்லாத துணிவு வெறும் ஆரவாரமாய் முடியும். வாஸ் குருவானவரின் வாழ்விலே அவை இரண்டும் பிரியாமல் நின்றன. அவர் 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் கண்டியிலே காலமானார். 2015 சனவரி 14 அன்று கொழும்புக் காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்.

இவ்வரலாற்றை இம்மட்டில் நிறுத்தினால் கேட்பதற்கு இனிமையாக இருக்கும். உண்மை முழுமையாக இராது. அனைத்தையும் சொல்லுதலே பர்ரேசியா என்று கூறிவிட்டு, பாதியை மறைப்பது முறையன்று.

திருக்கோணமலைத் துறைமுகத்தில் நின்று பார்ப்போருக்குப் பிரெட்றிக் கோட்டை தெரியும். அக்கோட்டை எழுந்த வரலாறு யாது? 1622இல் போர்த்துக்கேயத் தேசாதிபதி கொன்ஸ்தந்தீனு டி சா, திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற கோணேசர் ஆலயத்தை இடித்தழித்தான். ஆலயத்துக் கற்கள் கோட்டைக்குக் கற்களாயின. கோட்டை வாயிலில் தமிழ் எழுத்துப் பொறித்த கல் ஒன்று அதற்குச் சாட்சியாக நிற்கிறது. இடித்தவர் மார்பிலும் சிலுவை இருந்தது. மீனவராகிய பேதுருவின் வழிவந்தோர் என்றே அவர்களும் தம்மைச் சொல்லிக்கொண்டனர். முந்திய நூற்றாண்டில், 1544 அளவில், மன்னாரில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற மக்கள் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டனர். பின்னர் போர்த்துக்கேயர் சைவரை நெருக்கினர். அதன்பின் ஒல்லாந்தர் கத்தோலிக்கரை நெருக்கினர். துறைமுகத்திலே கொடி மாறும் தோறும் மிரட்டுவோரும் மிரட்டப்படுவோரும் இடம் மாறினர்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் கடுமையானது. துணிவுக்கான மன்றாட்டு, மிரட்டப்பட்டவர்களின் மன்றாட்டு. அதிகாரத்தைக் கையிற் பிடித்தவன் அதே சொற்களைச் சொன்னால், அவன் வேண்டுவது துணிவாக இராது. தன் மேலாண்மைக்கு இறைவனின் கையொப்பமாகவே இருக்கும். அன்று மீனவர்களாக நின்றவர்களின் வாரிசுகள், நாளை உயர்சபையாக அமரக்கூடும். தமக்கு எதிரான சொல்லைத் தாமே தடைசெய்யக்கூடும். ஆதலின் ஒவ்வொரு சமயத்தாரும், ஒவ்வோர் இனத்தாரும், அம்மன்றாட்டைச் சொல்லுமுன் தம்மை நோக்கி ஒரு வினாவை எழுப்ப வேண்டும்: இந்த நேரத்தில் நான் அந்தச் சபையின் நடுவே நிற்பவனா, அல்லது சுற்றி அமர்ந்திருப்பவனா?

அண்மைக் காலத்துக்கு வருவோம். நம் கிழக்கு மாகாணத்தின் போர் ஆண்டுகளை நேரிற் கண்டவர்கள் பலர் இதனைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். 1990 ஆகஸ்டு மாதம் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம் மக்களும், வீரமுனையில் தமிழ் மக்களும் கொன்று குவிக்கப்பட்ட மாதம். அம்மாதம் 15ஆம் நாள், யூஜின் ஹீபேர்ட் என்னும் இயேசுசபைக் குருவானவர் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கி ஓர் இளைஞருடன் மோட்டார்ச் சைக்கிள் வண்டியிற் புறப்பட்டார். ஏறாவூர்ப் பகுதிக்குப் பின் இருவரும் காணப்படவில்லை. அவர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1923இற் பிறந்தவர். 1948இல் இந்நாட்டுக்கு வந்தவர். திருக்கோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்பித்து, கூடைப்பந்து பயிற்றி, பின்னர் இளைஞர்க்குத் தொழில் கற்பித்தவர். வாழைச்சேனைக்கு அவர் சென்ற காரணம், ஆபத்திலிருந்த துறவுச் சகோதரிகளுக்குப் பாதுகாப்புத் தேடுதல். அந்நாட்களில் வீதியில் இறங்குவதே துணிவு.

அவருடைய சபையைச் சேர்ந்தவரும் அவரைப்போலவே 1948இல் வந்தவருமான ஹரி மில்லர் குருவானவர் மட்டக்களப்பில் மற்றொரு பணி செய்தார். அங்கிருந்த சமாதானக் குழுவினரோடு சேர்ந்து, காணாமற்போனோரின் பெயர்களை எழுதினார். தாய்மார் வந்து சொல்லச் சொல்ல, பெயர், ஊர், நாள், கடைசியாகக் கண்ட இடம் என்று குறித்து வைத்தார். பார்க்கும்போது இஃது ஓர் எழுதுவினைஞர் வேலை போலத் தோன்றும். ஆனால் பெயரையே சொல்ல அஞ்சிய காலத்தில் பெயரை எழுதி வைத்தல் சிறிய செயலன்று. எருசலேமில் மன்றாடியவர்களும் ஏரோது, பிலாத்து என்று பெயர் சொல்லித்தானே மன்றாடினார்கள்? அவர்கள் மறைபொருளாகப் பேசவில்லை. இன்ன நகரில், இன்னவர், இன்னது செய்தார் என்று இறைவன் முன்னிலையில் எடுத்துரைத்தார்கள். தூற்றுதற்காகச் சொல்லவில்லை, உண்மை அழிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னார்கள்.

நம் ஊரிலும் இவ்வினா எழுந்தது. 2006 சனவரி 2ஆம் நாள் மாலை, திருக்கோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019 யூலை மாதத்தில், போதிய சான்று இல்லையென்று நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றி நான் இங்கே பேச வரவில்லை. சான்று என்பது மனிதர் சொல்வது. மனிதர் சொல்வதற்கு அவர்களுக்குத் துணிவு வேண்டும். துணிவோடு சொல்பவனைக் காக்க ஒரு சமூகம் வேண்டும். அவ்வளவே நான் சொல்ல விரும்புவது. முடவன் நடந்ததற்குச் சாட்சி சொன்னவர்கள் இருவர். அவர்கள் திரும்பிச் சென்று சேர ஒரு வீடு இருந்தது. அந்த வீடு இல்லையேல் அவர்களுடைய துணிவு எத்தனை நாள் நிலைத்திருக்கும்?

இது மிகவும் எண்ணத்தக்க செய்தி. துணிவு தனி மனிதனின் உடைமை என்றே நாம் எண்ணுகிறோம். ஒருவனை வீரன் என்று போற்றி, அவனை முன்னே தள்ளிவிட்டு, நாம் பின்னே நின்றுகொள்கிறோம். எருசலேம் மன்றாட்டிலோ துணிவு கூட்டமாகக் கேட்கப்பட்டது. மிரட்டப்பட்டவர் இருவர், மன்றாடியவர் அனைவரும். அவர்களுக்குத் துணிவு தாரும் என்று எவரும் கேட்கவில்லை. எங்களுக்குத் தாரும் என்றே கேட்டனர். பிற்காலத்தில் பவுல் அடிகளாரும், தாம் துணிவோடு பேசும்படி தமக்காக மன்றாடுமாறு எபேசு நகரத்தாரைக் கேட்டு எழுதினார். அவரைவிடத் துணிந்தவர் எவர்? அவருக்கும் பிறருடைய மன்றாட்டுத் தேவையாயிற்று.

பாடசாலைகளிலே நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். வகுப்பில் ஒரு பிள்ளை துன்புறுத்தப்படுவதை முப்பது பிள்ளைகள் காண்பார்கள். விசாரிக்கும்போது முப்பது பேரும் தலை குனிவார்கள். அவர்கள் தீயவர்கள் அல்லர், தனித்தனியே அஞ்சுகிறார்கள். ஒரு பிள்ளை எழுந்து, நான் கண்டேன் என்று சொன்னால், அடுத்த நொடியில் இரண்டாவது பிள்ளை எழும். பின்னர் மூன்றாவது. முதலில் எழுந்த பிள்ளையின் பக்கத்தில் இருந்த தோழன் அதன் கையைப் பிடித்திருப்பான். அந்தக் கைப்பிடிதான் அவையஞ்சாமையின் தொடக்கம். பிள்ளைகளுக்கு நாம் பேச்சுப் போட்டி வைக்கிறோம். மேடைக் கூச்சம் நீக்குகிறோம். நன்று. ஆனால் உண்மையைச் சொன்னதற்காகத் தனித்து விடப்பட்ட பிள்ளையின் அருகே சென்று அமரும் பிள்ளையை நாம் பாராட்டுகிறோமா? அதனையும் பயிற்ற வேண்டும்.

பெரியவர்களாகிய நமக்கும் நாள்தோறும் இத்தகைய சிறிய அவைகள் வாய்க்கின்றன. கந்தோரில் ஒரு பொய்க்கணக்குக்குக் கையொப்பம் கேட்கப்படுகிறது. சங்கக் கூட்டத்தில் இல்லாதவர் ஒருவர்மேல் பழி சுமத்தப்படுகிறது. திருமண வீட்டில் அடுத்த இனத்தாரைப் பற்றி ஒருவர் இழிவாகப் பேச, எல்லோரும் சிரிக்கிறார்கள். அங்கே, அப்படிச் சொல்லாதீர்கள் என்று மெல்ல ஒரு சொல் சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை அறிந்தவர் அறிவர். எதிரியின் முன் பேசுவது எளிது. நம்மவர் நடுவே நம்மவர்க்கு எதிராக உண்மை பேசுவதே அரிது.

இறுதியாக, அம்மன்றாட்டுக்கு விடை கிடைத்ததா? அவர்கள் கூடியிருந்த இடம் அதிர்ந்தது என்றும், அவர்கள் யாவரும் தூய ஆவியால் நிரப்பப்பட்டுத் துணிவோடு பேசத் தொடங்கினர் என்றும் நூல் கூறுகிறது. ஆனால் மிரட்டல் நீங்கவில்லை. அடுத்த அதிகாரத்திலேயே அவர்கள் மீண்டும் சிறைப்பட்டு, சாட்டையடி பெற்றனர். ஏழாம் அதிகாரத்தில் ஸ்தேவான் என்பவர் கல்லெறிந்து கொல்லப்பட்டார். தம்மைக் கொல்வோருக்காக மன்றாடிக்கொண்டே அவர் இறந்தார். ஆபத்து நீங்கவேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. அது நீங்கவும் இல்லை. துணிவைக் கேட்டார்கள், அது கிடைத்தது.

அந்நூல் முடியுமிடத்தில், பவுல் அடிகளார் உரோமாபுரியில் காவலின்கீழ் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார். ஒரு போர்வீரன் அவரைக் காவல் செய்கிறான். அந்நிலையிலும் தம்மிடம் வருவோர்க்கு அவர் போதித்து வந்தார் என்பதே நூலின் கடைசிச் செய்தி. அக்கடைசி வாக்கியத்திலும் பர்ரேசியா என்ற அதே சொல் வருகிறது. எருசலேமின் ஒரு வீட்டிலே கேட்கப்பட்ட வரம், உரோமாபுரியின் ஒரு வீட்டிலே நிறைவேறி நிற்கிறது. கதவுக்கு வெளியே காவலன் நிற்கிறான். கதவுக்கு உள்ளே சொல் கட்டுண்டிருக்கவில்லை.

நேயர்களே, நாம் வணங்கும் தெய்வத்தின் பெயர் எதுவாயினும், மன்றாடும்போது ஒருநாளேனும் எம்மைக் காப்பாற்று என்பதோடு நிறுத்தாமல், எமக்கு உண்மை பேசும் வாயையும் பிறர் நோய் ஆற்றும் கையையும் தா என்று கேட்போமாக. நம் அயலில் ஒருவர் உண்மை பேசிவிட்டுத் தனியே வருவாராயின், அவர் வந்து சேர்வதற்கு நம் வீட்டுக் கதவு திறந்திருப்பதாக.